கூப்பருக்கு முந்தின பேர்

மச்சான்,

உன் வீட்டுக் கடிதப்பெட்டியிலிருந்து கழற்றிய பெயர்த்தகடு என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. 'கூப்பர்' என்று ஒரே ஒரு சொல். நேற்று உன் மகள் கொண்டுவந்தாள். மறந்துவிட்டுப் போனாளோ, வேண்டுமென்றே விட்டாளோ தெரியாது. காலையிலிருந்து அதை இரண்டு தரம் அலுமாரிக்குள் வைத்தேன், இரண்டு தரமும் திரும்ப எடுத்தேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டென்மார்க்கில் இந்த ஹேர்னிங் நகரத் தமிழருக்குள் உன் பெயர் ஒரு பகிடி. "வெள்ளைக்காரன் வாறான்" என்று தொடக்கி வைத்தவன் நான்தான். எனக்கு வாய் நீளம், உனக்குத் தெரியாததா. நீ கோபிக்கவில்லை. மட்டக்களப்பில் மிஷன் பள்ளியில் தங்கிப் படித்த உன் பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, அவரைப் படிக்கவைத்த இங்கிலாந்துக்காரரின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னாய்.

நாங்கள் வேலை செய்த துணி ஆலையில் பெட்கர் என்றொரு கிழவர் இருந்தார். ஒருநாள் கோப்பி அறையில் அவர் உன் தோளில் தட்டி, "நீயும் நானும் ஒரே பெயர்க்காரர்" என்றார். பீப்பாய் செய்கிறவனுக்கு டேனிஷில் பெட்கர், ஆங்கிலத்தில் கூப்பர். அன்றைக்குப் பிடித்தது உனக்குப் பைத்தியம். சனிக்கிழமைகளில் நூலகத்தில் கிடந்து படித்துவிட்டு, திங்கட்கிழமை எனக்கு வகுப்பு எடுப்பாய்.

"ஒரு ஊரில பத்து ஜோன் இருப்பினம் மச்சான். வரி எழுத வாறவன் என்ன செய்வான்? பீப்பாய் செய்யிற ஜோன், மா அரைக்கிற ஜோன் எண்டு எழுதுவான். பிறகு மகன் பீப்பாயைத் தொடாட்டியும் பேர் ஒட்டிப்போச்சு."

பியர், மீன், வெண்ணெய் எல்லாம் பீப்பாயில் போன காலத்தில் துறைமுகத்துக்குத் துறைமுகம் கூப்பர்கள் இருந்தார்களாம். டென்மார்க் வெண்ணெயும் இங்கிலாந்துக்கு அப்படித்தான் போனதாம். சொல்லிக்கொண்டே வந்தவன், சிரிக்காமல் கேட்டாய்: "அவங்களுக்குத் தொழில் பேராப் போச்சு. எங்கட ஊரில அது என்னவாப் போச்சு?" எனக்கு விளங்கியது. விளங்காதவன் போலக் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு என் மகனின் பிறந்தநாள். கோல்டிங்கிலிருந்து வந்த என் சொந்தக்காரர் ஒருவர் குசினியில் வைத்து என்னிடம், "இந்தக் கூப்பர் ஆக்கள் ஆர்?" என்று மெல்லக் கேட்டார். என்ர சிநேகிதன் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நானோ நேரே முன்னறைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால் உன்னிடம் கேட்டேன்: "அது சரி மச்சான், கூப்பருக்கு முதல் உங்கட ஆக்களுக்கு என்ன பேர்?"

இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். என்ன சாதி என்று நேரே கேட்க வெட்கப்படுகிறவன் சிரித்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. நீ கையைத் துடைத்துவிட்டு எழும்பினாய்.

"கூப்பர்தான். அதுக்கு முதல் ஒண்டும் இல்லை, அண்ணை."

என்னைவிட நீ இரண்டு வயது மூப்பு. அன்றிலிருந்து நான் உனக்கு அண்ணை. ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்று, "சுகமோ அண்ணை" என்பாய். அதோடு சரி. எனக்குக் கோபம் வந்தது. பிழையென்றால் சண்டை பிடிக்கலாம்தானே என்று மனைவியிடம் கத்தினேன். மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை.

நேற்று வந்த உன் மகள், பாதி டேனிஷும் பாதி தமிழுமாகச் சொன்னாள்: "மாமா, அப்பான்ட கல்லறைக் கல்லில பேர் வெட்டக் குடுக்க வேணும். கூப்பர் எண்டது ஆரோ தந்த பேர்தானே. எங்கட உண்மையான பேரைப் போட நினைச்சன். ஆஸ்பத்திரியில அப்பாட்டக் கேட்டன். மாமாவைக் கேள் எண்டவர்."

கள்ளன் நீ. பதில் என்னிடம் இல்லை என்று உனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் இருந்தது கேள்வி மட்டும்தான். கேட்டவனிடமே அதைத் திருப்பி அனுப்பிவிட்டாய்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி கண்ணைக் காட்டினாள், நான் நிறுத்தவில்லை. அன்று ஏன் கேட்டேன், எதை அறியக் கேட்டேன் என்றும் சொன்னேன். உன் மகள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்பா உங்கட வீட்டை வராமல் விட்டது இதாலயோ?"

"ஓம்."

"கூப்பர் எண்டே போடுறன்" என்று சொல்லி எழும்பிப் போனாள்.

அவளுடைய பிரச்சினை தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை. அந்தக் கடைசி வருஷம் முழுக்க நீ என் கண் முன்னாலேயே வற்றிக்கொண்டு வந்தாய். வேலை உடுப்பு தோளில் தொங்கியது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பாய், பார்த்துவிட்டு மூடி வைப்பாய். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நாலு பேருக்கு முன்னால் உன் பூட்டனின் பெயரை விசாரிக்க வாய் வந்தது எனக்கு. ஏன் மச்சான் இப்படி மெலிந்துபோனாய் என்று ஒரு நாளாவது கேட்க வரவில்லை.