பின்னந்தலை நரை

நிலாவின் அம்மாவுக்கு,

வத்தலக்குண்டில் உன் அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். எப்போது வருவாய் என்று கேட்பதற்காக இல்லை.

எங்கள் மில்லை மூடியபின் இன்றுதான் முதல் இன்டர்வியூ. பைபாஸ் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை. நரைத்த தலையோடு போனால் கிழவன் என்று கழித்துவிடுவார்களே என்று, நேற்று டை கலக்கிக் கண்ணாடி முன் நின்று பூசிக்கொண்டேன். சட்டையையும் நானே தேய்த்தேன். காலர் கொஞ்சம் கருகிவிட்டது.

மேனேஜர் சின்ன வயசுக்காரர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவருக்கும் திருப்திதான், சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். எழுந்து கதவுப் பக்கம் திரும்பினேன்.

"என்னண்ணே, முன்னாடி கறுப்பா இருக்கு, பின்னாடி அம்புட்டும் வெள்ளையா இருக்கு. வீட்ல ஆள் இல்லையா?" என்றார்.

பின்னந்தலைக்கு எப்போதும் நீதானே பூசிவிடுவாய். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

"ஊருக்குப் போயிருக்கா சார், ரெண்டு நாள்ல வந்துருவா" என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை வேடசந்தூரில் இன்னொரு மில்லுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். புது டை பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.

உன் வீட்டுக்காரன்