பெரியம்மாவின் பாதிச் சட்டை

அன்புள்ள பல்லிக்கு,

உன் ஆமை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீயும், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சுருண்டு கிடக்கும் உன் ஆட்களும் சுகம்தானே? உன் கடிதம் வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அதை மேசையிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து தலையணைக்கு அடியிலும் மாற்றி மாற்றி வைத்தேனே தவிர, பதில் எழுத உட்காரவில்லை. கல்லூரியில் எனக்கு இந்தப் பெயரை வைத்தவளே நீதான். அதனால் திட்டுவதற்கு உனக்கு உரிமை கிடையாது.

முதலில் அந்தப் புகைப்படம். மிருகக்காட்சிசாலை வேலை முடிந்ததும் மாலையில் நகத்துக்கு அலங்காரம் செய்ய உட்காருகிறேன் என்று நீ எழுதியிருந்ததை, உன் வழக்கமான அளப்பு என்றுதான் படித்தேன். படத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். கட்டைவிரலுக்குப் பாம்புச் சட்டையின் வயிற்றுப் பக்கத்து அகலச் செதில். சுண்டுவிரலுக்கு முதுகின் பொடிச் செதில். மோதிர விரலில் பாம்பின் கண்ணை மூடியிருந்த கண்ணாடிச் செதில், ஒரு சொட்டுத் தண்ணீர் நின்ற மாதிரி. பாம்பு உரித்துப் போட்டதை வைத்துக் காதணி செய்கிறாய், புத்தக அடையாளம் செய்கிறாய், வாழ்த்து அட்டையில் ஒட்டுகிறாய். சரி. விளக்குக்குக் கூண்டு செய்யும் யோசனையை மட்டும் விட்டுவிடு. சூட்டில் சுருங்கி, எரிந்த பூரான் மாதிரி ஆகிவிடும். வாங்கியவர்கள் உன்னைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

நகத்தில் ஒட்டினால் மூன்றாம் நாளே விரிசல் விடுகிறது, கல்லூரி நாளில் கிளிசரின் எந்த அளவில் கலந்தோம் என்று கேட்டிருந்தாய். எனக்கு மறந்துபோயிருந்தது. அதைக் கலந்த பெண்ணையும் சேர்த்தே மறந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த அறை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? விலங்கியல் துறைக்குப் பின்னால், ஒரே ஒரு ஜன்னல், எப்போதும் ஈர மரத்தூள் வாசனை. அங்கே நம் பெரியம்மா. கல்லூரியிலேயே மூத்த சாரைப்பாம்பு என்பதால் அந்த மரியாதை. கண் பால் நிறமானதும் நாம் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவோம். மூக்கைக் கல்லில் தேய்த்து, காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வர, அவள் தன் சட்டையை விட்டுவிட்டுப் போவதைப் பார்க்கத் தரையில் குப்புறப் படுத்துக் கிடப்போம். வாச்சர் அண்ணன் விடுதி கேட்டுக்கு வந்து, "டெய்லரம்மா, துணி வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார்.

வார்டனை நினைத்தால் இன்றைக்கும் தனியாகச் சிரிக்கிறேன். பிரிவு விழாவன்று உன் கையைப் பிடித்து, இது எந்த நாட்டுப் பாலிஷ் என்று கேட்டார். வெளிநாட்டு ஸ்டிக்கர் என்று நீ கூசாமல் புளுகினாய். மறுநாள் தங்கை கல்யாணத்துக்குத் தனக்கும் போட்டுவிடச் சொல்லிக் கையை நீட்டிவிட்டார். ஒட்டும்போது நீ, "மேடம், அசையாதீங்க, செதில் நகருது" என்று உளறினாயே. அப்புறம் "டிசைன், டிசைன்" என்று திருத்தினாய். இருமுவது போல நான் வெளியே ஓடினேன். பாவம், அவருக்கு இன்றுவரை தெரியாது.

இனி என் கதை. என் மகளுக்கு ஒரு வயது ஆகப் போகிறது. நான்கு பல். ஆனால் சில நாள் முன்பு வரை அவள் தவழவில்லை. தவழவில்லை என்பதைவிட, நான் விடவில்லை என்பதே சரி.

அவள் உட்காரப் பழகிய சமயம், மழை விடாமல் பெய்த வாரத்தில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவர் என் கணவர்தான். துடைப்பக் குச்சியில் தூக்கிப் பிடித்து, தன்னைவிட நீளம் என்றார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டேன். பக்கத்துக் காலிமனைப் புதரிலிருந்துதான் வந்திருக்கும் என்று வீட்டுக்கார அம்மா அதை இடுக்கியால் எடுத்து, கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, மனைக்காரரோடு சண்டை போடச் சாட்சியாகப் பத்திரப்படுத்தினார். பாம்பு பிடிப்பவர் வந்து வீட்டையே தலைகீழாக்கினார். ஒன்றும் அகப்படவில்லை. "சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் குளிக்கப் போயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அவள் கால் தரையில் படவில்லை. கட்டில், நாற்காலி, என் இடுப்பு. கதவிடுக்குகளில் துண்டைச் சுருட்டி வைத்தேன். குளியலறைச் சல்லடை மேல் செங்கல். வீடு மாறிவிடலாம் என்று தினமும் அவரைப் பிடுங்கி எடுத்தேன். பெரியம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவளா நான் என்று நீ கேட்பாய். அப்போது என்னிடம் பறிபோக எதுவும் இல்லையே, பல்லி.

போன மாதம் தடுப்பூசிக்குப் போனபோது, தவழுகிறாளா என்று நர்ஸ் கேட்டார். பாயில் இறக்கிவிடச் சொன்னார். இறக்கினேன். அவள் இரண்டு காலையும் மேலே மடக்கிக்கொண்டு, தரையில் படவே மாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். நர்ஸ் அவள் முட்டியையும் இடுப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கொழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா. நீங்கதான் எறக்கி விடணும்."

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். வந்தும் இறக்கிவிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கண்ணில் உன் புகைப்படம் பட்டது. இது என்ன டிசைன் என்று கேட்டார். சொன்னேன். வார்டன் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யாரோ புதுப்பெண்ணைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, "நீயா? உன் கையாலயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உட்காரவிடவில்லை. குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய், வீட்டுக்கார அம்மாவிடம் கவரை வாங்கி முடிச்சை அவிழ்த்தேன். இத்தனை நாளில் அதை நான் ஒருமுறைகூடக் கிட்டத்தில் பார்க்கவில்லை. விலங்கியல் பட்டதாரி!

தொட்டதும் தெரிந்துவிட்டது. அப்பளம் போல நொறுங்க வேண்டியது, பட்டுத்துணி மாதிரி வளைந்தது. குழாயாக இல்லை. வயிற்றோரம் நேராகக் கத்தரித்து விரிக்கப்பட்டிருந்தது. ஒரு பாதியில் வரிசையாகப் பத்து ஓட்டை, கட்டைவிரல் அளவில் இரண்டு, சுண்டுவிரல் அளவில் இரண்டு. பிரிவு விழாவுக்கு வெட்டிய உன் நகங்கள்டி.

எப்படி வந்தது என்றும் புரிந்துவிட்டது. குழந்தைக்குத் துணி கிழிக்க அம்மா என் பழைய பருத்தித் துணிகளை மூட்டை கட்டி அனுப்பியிருந்தார். அதில் என் லேப் கோட்டும் இருந்தது. மெஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக உதறியவள் நானேதான். கோட்டுப் பையிலிருந்து பெரியம்மா நழுவியிருக்கிறாள். முட்டை திருட வருவது பயந்து ஓடட்டும் என்று சில பறவைகள் கூட்டில் பாம்புச் சட்டையைச் செருகும் என்று படித்தோமே. செருகியதும் நான், பயந்து ஒடுங்கியதும் நான்.

வீட்டுக்கார அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "இதை வெளிய சொல்லித் தொலைக்காத. அந்தாளு இப்பதான் புதரை வெட்டியிருக்கான்" என்றார்.

கீழே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். குழந்தையைத் தரையில் உட்கார வைத்தேன். காலை மடக்கிக்கொண்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல், நானும் அவள் எதிரே குப்புறப் படுத்து மோவாயைத் தரையில் வைத்துக்கொண்டேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தாள். பிறகு ஒரு உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும், எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். இப்போது பின்னோக்கித் தவழுகிறாள். என்னிடம் வர நினைத்துக்கொண்டு தள்ளித் தள்ளிப் போய் அலமாரியில் முட்டிக்கொள்கிறாள். முன்னால் வருவது தானாக வரும் என்கிறார் நர்ஸ். கதவிடுக்குத் துண்டுகளை எடுத்துவிட்டேன். சல்லடை மேல் செங்கல் மட்டும் இன்னும் இருக்கிறது. கேலி செய்யாதே.

உன் கேள்விக்குப் பதில்: ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு தண்ணீர், ஒரு ராத்திரி ஊற வேண்டும். சட்டையின் உள்பக்கத்தில் நீயே பேனாவால் எழுதி வைத்திருக்கிறாய். ஊறவைக்கும் முன் நன்றாகக் கழுவி ஃப்ரீசரில் போட்டு எடு. மற்றவர்கள் கையில் ஒட்டுகிறாய், ஜாக்கிரதை.

ஓட்டை விழாத மறுபாதி என் கல்யாணத்துக்கு என்று நீதான் ஒதுக்கினாய். அதற்குள் உனக்கு விசா வந்துவிட்டது. நான் வெறும் நகத்தோடு மணமேடை ஏறினேன். அதற்காக உன்மேல் வருத்தம் என்று இதுவரை எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை. பாதி அப்படியே இருக்கிறது, கெடவில்லை, அவ்வளவுதான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. விடுமுறை கிடைத்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் வந்துவிடு. வரும்போது செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வா. தரை இப்போது அவளுடையது.

என்றும் உன்,
ஆமை