பத்து வருஷமாக வயது ஏறாத சின்னக்கண்ணு

அன்பு மகள் வெனிலாவுக்கு, திண்டிவனத்திலிருந்து அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அம்மாவும் நானும் கடையும் சௌக்கியம், அங்கே நீயும் உன் குளிரும் எப்படி என்று எழுது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். விழுப்புரம் கிளைக்குப் புது ஜெராக்ஸ் மெஷின் வந்து, ஃபாதரை அழைத்து மந்திரித்தோம். தீர்த்தத்தை மெஷினுக்குள்ளே ஊற்றிவிடப் போகிறாரே என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பக்கத்தில் நின்று சிரித்தே கெடுக்கிறாள், அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம். போன வாரம் நீ குறைப்பட்டுக்கொண்டாயே, கனடாவில் உன்னிடம் படிக்கிற முதல் வருஷப் பிள்ளைகள் கட்டுரைக்கு எதை நம்பி எழுதுவது என்று தெரியாமல் போனில் முதலில் வருவதை அப்படியே எழுதுகிறார்கள், மூன்று இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் நிஜம்தான் என்று அடித்துப் பேசுகிறார்கள் என்று. அவர்களைத் திட்டாதே கண்ணு. நாம் இரண்டு பேரும் அதைவிடப் பெரிய வேலை பார்த்திருக்கிறோம்.

பிளஸ் ஒன்னில் நம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சாகுபடி பற்றி நீ ஒரு புராஜெக்ட் எழுதினாய், விவசாயி ஒருவரைப் பேட்டி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் கொடுக்க வேண்டும், நீ ஒருத்தரையும் போய்ப் பார்க்கவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டே பெருமுக்கல் சின்னக்கண்ணு, வயது எழுபத்தெட்டு என்று ஓர் ஆளை நீயே உண்டாக்கினாய். பூ வந்ததும் கிள்ளிப் போட்டால்தான் காய் நன்றாகப் பிடிக்கும் என்று அவர் வாயால் சொல்லவும் வைத்தாய். வகுப்பிலேயே முதல் மார்க். நான் சும்மா விடுவேனா, அதை டைப் அடித்து வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பைண்டிங்கோடு விற்றேன், பத்து வருஷமாக.

இந்த வருஷம் இங்கே ஒரு கல்லூரியில் சித்ரா மேடம் என்பவர் முதல் வருஷத்துக்கு அதே தலைப்பைக் கொடுத்திருக்கிறார். நாற்பது பேர் என்னிடம் வாங்கிப் போய், நாலு வார்த்தையை மாற்றித் தங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் சின்னக்கண்ணுவுக்கு எழுபத்தெட்டு வயதுதான், பத்து வருஷமாக ஏறவே இல்லை. நாற்பத்தொன்றாவதாக அஸ்வினி என்று ஒரு பெண், அவள் மட்டும் வாங்கிப் போனதை வீட்டில் சத்தமாகப் படித்திருக்கிறாள். அவள் அம்மா பொன்னி களை வெட்டப் போகிறவள். கேட்டுவிட்டு, “பூவக் கிள்ளிப்புட்டா காய் எங்கேர்ந்துடி வரும், அந்தப் பூவுலேர்ந்துதான விழுது மண்ணுக்குள்ள எறங்கிக் காயாவுது, எவன்டி அந்தாளு, கொல்லி கழனி பக்கம் போனவனா” என்று சிரித்தாளாம். மறுநாளே அஸ்வினி பஸ் ஏறிப் பெருமுக்கல் போய்த் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறாள். பிறகு, அப்படி ஒருவர் இல்லை, அவர் சொன்னதாக இருப்பதும் தப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாற்பது பேர் பார்த்த ஆள் உன் கண்ணுக்கு மட்டும் எப்படி அகப்படாமல் போவார், நீ போகவே இல்லை என்று மேடம் முட்டை மார்க் போட்டுவிட்டார்.

அவள் நேராக என் கடைக்கு வந்தாள். “ஐயா, ஊரு பூரா விசாரிச்சிக்கினு வந்துட்டேன். மூணு சின்னக்கண்ணு இருக்குறாங்க. ஒருத்தரு மேஸ்திரி, ஒருத்தரு டிரைவரு, ஒருத்தன் ஒண்ணாங்கிளாஸு. உங்க சின்னக்கண்ணு எந்தத் தெருன்னு சொல்லுங்க, என் மார்க்கு போவுது” என்றாள். சொன்னால் உன் பெயரும் கடை பெயரும் கெடும், சொல்லாவிட்டால் உண்மை பேசிய ஒரே பிள்ளை பொய்க்காரி ஆகிவிடும். பரணில் இருந்த உன் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அவளோடு கல்லூரிக்குப் போனேன். “மேடம், அந்த ஆள் என் கடை ஸ்டூல்ல பொறந்தவருங்க” என்றேன். நாற்பது பேர் சாட்சி என்று நினைத்தேனே என்றார். “நாப்பது இல்லிங்க, என் மெஷின் ஒண்ணுதாங்க” என்றேன். நோட்டை வாங்கிப் புரட்டினார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அஸ்வினிக்கு முழு மார்க், நாற்பது பேருக்கும் திரும்ப எழுதும் வேலை. பொன்னியையே வகுப்புக்கு வரவழைத்து, மல்லாட்டைச் செடியை வேரோடு காட்டி விளக்கச் சொன்னாராம். நான் புராஜெக்ட் விற்பதை நிறுத்திவிட்டேன், வியாபாரத்தில் அடிதான். ஆனால் பேட்டி எடுக்கக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு நோட்டும் பரீட்சை அட்டையும் இப்போது நன்றாகப் போகிறது, அதையும் மறைக்க மாட்டேன்.

பார்சலில் மேலே முறுக்கு, அடியில் உன் நோட்டு. வகுப்புக்கு எடுத்துப் போய்க் காட்டு, வெட்கப்படாதே. ஒரே சேதி மூன்று இடத்தில் இருந்தால், மூன்றும் எந்த மெஷினிலிருந்து வந்தது என்று கேட்கச் சொல்.

குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், எங்கள் ஜெபமும் ஆசீரும் உன்னோடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நோட்டின் கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறது. சின்னக்கண்ணு என்று யாரும் இல்லை, நான்தான் எழுதினேன் என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பு. பத்து வருஷத்தில் யார் யார் வாங்கினார்களோ, அவர்களுக்கெல்லாம் அதை எத்தனை பிரதி ஆனாலும் காசு வாங்காமல் நானே போட்டுக் கொடுக்கிறேன்.

உன் அப்பா,
அமலதாஸ்