இன்ஹோ இன்னும் இறங்கவில்லை

தேபெக்
டிசம்பர், முதல் பனிக்குப் பிறகு

அன்பு மகன் இன்ஹோவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை கை வரவில்லை, ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். பேத்தி முன்பல் விழுந்து சிரிக்கிற படம் வந்தது, அப்படியே நீதான், அந்த ஓட்டைப் பல்லோடு நீ அடித்த கொட்டம் எல்லாம் நினைவுக்கு வந்தது. சாவோ பாலோவில் வெயில் கொளுத்துகிறது என்றாய், அதற்காக ஐஸ் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தையல் கடையில் மின்விசிறிக்கு அடியிலேயே நிற்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி பிடிக்கும் உடம்பு. இங்கே குளிர்காலக் கிம்ச்சி போட்டு முடித்தாயிற்று. ஆனால் இந்த வருடம் வாயில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு. நான் உப்புப் போட்டு ஊற வைத்த முட்டைக்கோஸுக்கு உன் அப்பா மறுபடி உப்புப் போட்டார், கொஞ்ச நேரம் கழித்து வந்து இன்னொரு தடவையும் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "நீ எப்பவும் உப்பே போட மாட்டே, நான்தான் பார்த்துப் பார்த்துச் செய்யணும்" என்று என்னையே திட்டினார்.

போனில் சொல்லலாமே என்பாய். போன் அடித்தாலே உன் அப்பா என் தோளோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது? வயதான மறதிதான் என்று நான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறதி இல்லையாம், நோய். வோன்ஜு ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், நினைவு பின்னால் போகுமே தவிர முன்னால் வராது என்று. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கொஞ்சம் குற்றம் சொல்லவும்தான் எழுதுகிறேன், பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா.

நம் மலையேறும் சங்கம் வருடா வருடம் முதல் பனி விழுந்ததும் காட்டுப் பாதையில் போகுமே, போன ஞாயிறு போனோம். அவரைக் கூட்டிப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவர் விடிவதற்குள் பையைக் கட்டிக்கொண்டு, காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல்லைக்கூட மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவர்தானே தலைவர், தலைவர் இல்லாமல் சங்கம் எப்படிப் போகும்? போங்சு அண்ணன் இருக்கிறாரே, சுரங்கத்தில் உன் அப்பாவுக்கு உதவியாளாக இருந்தவர், இப்போது சங்கத்திலும் அப்படித்தான், அவர் ஒரு தந்திரம் பண்ணி வைத்திருக்கிறார். உன் அப்பாவை முன்னால் நடக்கவிட்டு ஒட்டினாற்போல் பின்னால் போய், பாதை திரும்பும் இடத்தில் எல்லாம் மெதுவாக, "தலைவரே, இடது பக்கம்தானே போறோம்?" என்று கேட்பார். உன் அப்பா உடனே, "பின்னே, வலது பக்கம் உன் மாமியார் வீடா இருக்கு?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். வழி தெரியாமல் இருந்தவர் வழி காட்டியவராகிவிடுவார். அன்றைக்கும் ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பனி முழங்கால் வரை இல்லை, கணுக்கால் மூழ்கும் அளவுதான், மரங்களில் எல்லாம் வெள்ளை ஏறி நின்றது. உச்சியில் கடற்பாசியில் சுருட்டிய சோற்றை வைத்துக்கொண்டு அரிசிக் கள் குடித்து, அடிவாரத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் மல்சூன் அக்கா தன் கிழட்டுக் குரலில் பாடி, எனக்குக்கூட ஆஸ்பத்திரி மறந்துபோயிற்று.

இறங்கும்போதுதான். நானும் மல்சூன் அக்காவும் முழங்கால் வலியோடு கடைசியில் வந்துகொண்டிருந்தோம். பாதை இரண்டாகப் பிரிகிற அந்தப் பெரிய மரத்தடிக்கு வந்தால் எல்லாரும் நிற்கிறார்கள். உன் அப்பா குறுக்கே கைத்தடியை வைத்து மறித்திருக்கிறார். "இன்னும் ஒரு ஆள் வரணும்" என்றார். போங்சு அண்ணன் ஆட்களை எண்ணிக் காட்டினார், எல்லாரும் வந்தாச்சு தலைவரே என்றார். "என் பையன் வரலையே. இன்ஹோ பின்னாடி பனியைத் தட்டி விளையாடிட்டு வர்றான். சின்னக் கால், மெதுவாத்தான் வருவான்" என்றார். மல்சூன் அக்கா வாய்தான் உனக்குத் தெரியுமே, "தலைவரே, உங்க பையனுக்குத் தலை நரைச்சாச்சு, அவன் பிரேசில்ல இருக்கான்" என்று உடைத்துவிட்டாள். உன் அப்பாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "என் பிள்ளையக் காட்டுல விட்டுட்டு இறங்கச் சொல்றியா? என்ன சட்டம் நம்ம சட்டம்?" என்று கத்தினார். சட்டம் எல்லாருக்கும் தெரியும். கடைசி ஆள் மேலே வராமல் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்ததாகக் கணக்கே கிடையாது. சுரங்கத்தை மூடிய பிறகு அதே ஆட்களை வைத்துச் சங்கம் ஆரம்பித்தபோது உன் அப்பாதான் அதைத் திருப்பிப் போட்டார், கடைசி ஆள் வராமல் யாரும் கீழே இறங்கக் கூடாது என்று. அந்தக் கிழவர்களில் ஒருவர்கூட அதை மீறவில்லை. பனியில் காலை உதைத்துக்கொண்டு நின்றார்கள்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. போங்சு அண்ணன் என்ன நினைத்தாரோ, வந்த பாதையில் கொஞ்ச தூரம் மேலே போய், வாயருகே கையைக் குவித்து, "இன்ஹோ!" என்று கூப்பிட்டார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் எல்லாரும். இருமல் பிடித்த நெஞ்சுகள் அத்தனையும் சேர்ந்து உன் பெயரைக் காட்டுக்குள் கூப்பிட்டன. மல்சூன் அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டாள். உன் அப்பா காதருகே கையை வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க, அவன் பதில் சொல்றது கேக்க வேணாமா?" என்றார். எல்லாரும் நிறுத்தினார்கள். கிளையிலிருந்து பனி விழுகிற சத்தம்தான் கேட்டது. இன்ஹோ, அந்த நிமிடம் நீ உண்மையிலேயே பதில் சொல்வாய் என்று நானும் காத்திருந்தேன்.

இருட்டினால் கிழவர்கள் யாராவது விழுந்து காலை உடைத்துக்கொள்வார்கள் என்று பயந்து நான்தான் பொய் சொன்னேன். அவன் குறுக்குப் பாதையில் எப்போதோ இறங்கிவிட்டான், மல்சூன் அக்கா கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்றேன். என் முகத்தையே பார்த்தார். நீ பார்த்தாயா என்றார், பார்த்தேன் என்றேன். "கையுறை போட்டிருந்தானா?" என்றார். போட்டிருந்தான் என்றேன். உடனே கைத்தடியை எடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்தார், போங்சு அண்ணனால் பின்னால் ஓடி வர முடியவில்லை, அவ்வளவு வேகம். அடிவாரத்தில் கடைக்குள் நுழைந்து ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். சமையலறைக்குள் போய்ப் பார்த்தார். பிறகு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, கோட்டுப் பைக்குள் கையை விட்டு, ஒரு ஜோடி சின்னக் கையுறையை எடுத்து மேசையில் வைத்தார். சிவப்புக் கம்பளி, கட்டைவிரலில் நான் வேறு நூலில் ஒட்டுப் போட்டது. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தார், எப்போது எடுத்தார், எனக்குத் தெரியாது. "கையுறை என்கிட்ட இருக்கே. அப்ப அவன் எதைப் போட்டிருந்தான்?" என்று கேட்டார். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

அதிலிருந்து என்னை அவர் நம்புவதில்லை. சோற்றை நான் வைத்தால் சாப்பிடுகிறார், மாத்திரையை நான் கொடுத்தால் வாங்குவதில்லை, போங்சு அண்ணன் வந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் மறக்கிறவருக்கு இது மட்டும் மறக்கவில்லை பார். தினமும் மதியம் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பூட்டி வைத்துப் பார்த்தேன், கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார், அப்புறம் பூட்ட மனசு வரவில்லை. போங்சு அண்ணன் கூடவே போய் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று, இருட்டுவதற்குள் கூட்டி வருகிறார். அவருக்கும் வயதாகிறது, பனி இனிமேல்தான் கனக்கும், எத்தனை நாள் போவார் பாவம்.

அதனால் நீ வா. அடுத்த வருடம், கடையில் சீசன் முடியட்டும், இதெல்லாம் மூன்று வருடமாகக் கேட்டுவிட்டேன், இனி அடுத்த வருடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வந்தால் உன்னை அவருக்குத் தெரியுமா என்று நீ கேட்கலாம். தெரியாது, எனக்குச் சத்தியமாகத் தெரியாது. யாரோ நரைத்த ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் நான் உன் பக்கத்தில் இருப்பேன். ஆனால் நேராக வீட்டுக்கு வந்து நிற்காதே. மல்சூன் அக்கா கடையில் இறங்கி, குறுக்குப் பாதையில் மேலே ஏறி, அந்த மரத்துக்குப் பின்னாலிருந்து நடந்து வா. மெதுவாக வா, கிளைகளைத் தட்டிக்கொண்டு வா.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். பேத்தியின் விழுந்த பல்லைத் தூக்கி எறியாமல் வைத்திரு. வண்டி ஓட்டும்போது தூங்காதே, வேளைக்குச் சாப்பிடு, நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இங்கே குளிர் கடுமை, நல்ல கையுறையாக வாங்கிப் பையில் வைத்துக்கொள், ஆனால் மலையில் வரும்போது வெறுங்கையோடு வா. அந்தச் சிவப்புக் கையுறையை எடுத்து அவர் நீட்டுவார், கை நுழையவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா