ஒன்பது கொட்டாங்குச்சிகள்

கொழிஞ்சாம்பாறை,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

மாமாவுக்கு, செல்வப்பிரியா எழுதுவது.

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. என் போன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. எங்கம்மா போனில் கூப்பிடலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் சத்தம் போடுவீர்கள், பதிலுக்கு நானும் கத்துவேன், சொல்ல வந்தது போய்ச் சேராது. மியூசியம் ஆபீசர் ஜிஸ்மி மேடத்தின் வீட்டுக்காரர் ஜோஜோ நாளைக்கு மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். பாதியில் கிழித்துப் போடாதீர்கள்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பொண்ணு தமிழ்ப்ரியா நன்றாக இருக்கிறாள், இங்கே எங்கம்மா வீட்டில் என்னோடுதான் இருக்கிறாள். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. தோப்பில் மாம்பூ இந்த வருஷம் கொள்ளை. உங்கம்மாவுக்கு நெற்றியில் மூன்று தையல், காய்ச்சல் இல்லை, பயப்பட வேண்டாம். அந்தத் தையல் எப்படி வந்தது என்று உங்கள் தம்பி ஒரு கதை சொல்லியிருப்பார். அவர் விட்டுவிட்டதை நான் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை, தை கடைசிச் சனி, பெரியூட்டில் ஊர்க்கூடல் வைத்தோம். உங்கள் பூட்டன் கட்டின வீடு மியூசியமாகி ஆறு வருஷம் ஆகிறது. அதில் டிக்கெட் கிழித்து, கூட்டித் துடைத்து, சாமான்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிறவள் நான். ஆனாலும் ஒவ்வொரு கூடலுக்கும் உங்கப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து முன்வரிசை நடு நாற்காலியில் உட்காருவார். வருகிறவர்களை வாங்க வாங்க என்பார். டிரஸ்ட்டுக்குக் கொடுத்தாயிற்று, இனி அது நம்முடையதில்லை என்று அவரிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

இந்தத் தடவை கும்மிக்கு அப்புறம் மயில்சாமியண்ணன் குழுவின் ஜமாப் மேளம். ஒன்பது பேர். அவர் அப்பாவும் தாத்தாவும் நம் பண்ணையில் வேலை செய்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவர்கள் மேளம் வெளிவாசலோடு நின்றுவிடும். ஜிஸ்மி மேடம் அவர்களை உள்ளே, ஆசாரக் கூடத்துக்கு முன்னால் உள்வாசலிலேயே நின்று அடிக்கச் சொன்னார். அடித்தார்கள் பாருங்கள், தூணெல்லாம் அதிர்ந்தது. தமிழ்ப்ரியா நாற்காலிமேல் ஏறி நின்று ஆடினாள். நான் மியூசியத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்காகப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு நடந்தது அதற்கப்புறம், மோர் கொடுக்கும்போது. மாட்டுக்கொட்டாயின் பின்சுவரில் கைப்பிடி போட்ட கொட்டாங்குச்சிகள் வரிசையாகத் தொங்குமே, அதை ஜிஸ்மி மேடம் பார்த்திருக்கிறார். கோட்டயத்துக்காரி, அவருக்கு அது பழங்காலத்து அழகுச் சாமான். பேப்பர் கப் வேண்டாம், பழைய வீட்டில் பழைய முறையில் கொடுப்போம் என்று அதே மாதிரி அறுபது செய்து, பளபளவென்று தேய்த்து வாங்கி வந்துவிட்டார். இது நல்லாயிருக்கும் அல்லே சேச்சி என்று என்னிடம்தான் முதலில் காட்டினார்.

எனக்குத் தெரியும் மாமா. அந்தச் சுவரில் தொங்கியது யாருக்கு என்று கல்யாணமான மாசமே உங்கம்மா சொல்லிவிட்டார். அவரவர் கொட்டாங்குச்சியை அவரவரே எடுத்து ஏந்த வேண்டும், செம்பு படாமல் மேலேயிருந்து ஊற்றுவோம் என்று கையைத் தூக்கிக்கூடக் காட்டினார். அதன்கீழே சீட்டு எழுதி ஒட்டியதும் நான்தான். ‘பழங்காலக் குடிகலன்கள்’ என்று எழுதினேன். யார் குடித்தது என்று எழுதவில்லை. ஜிஸ்மி மேடம் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டு அசிங்கத்தை வெளியூர்க்காரியிடம் எதற்குச் சொல்வது என்று நினைத்தேன், அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் ஒன்றுமில்லை என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்திருந்தால் நிஜமாகவே ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. தட்டு முதலில் உங்கப்பாவிடம் போனது. கொட்டாங்குச்சியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அம்மிணி, எனக்கு லோட்டா கொண்டா என்றார். நான் ஓடினேன். எதற்கு ஓடினேன்? பதினாலு வருஷமாக ஓடிப் பழகிய கால். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வெண்கல லோட்டாவை எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கும் என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் கேட்டார்கள். நம் வீட்டுக்கும் பெரியூட்டுக்கும் மூன்று தடவை நடந்து எவர்சில்வர் டம்ளரையெல்லாம் அள்ளி வந்தேன். கடைசியில் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்தவர் கையிலெல்லாம் டம்ளர். வேர்த்து விறுவிறுத்து நின்ற ஒன்பது பேர் கையில் மட்டும் கொட்டாங்குச்சி.

மயில்சாமியண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். ஏனுங்கம்மிணி, எங்களுக்கு வர்றப்ப மட்டும் டம்ளர் தீந்து போச்சுங்களா என்றார். மோர் குடிப்பதைப் படம் பிடிக்க அப்போதுதான் மறுபடி போனை எடுத்திருந்தேன், அது ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மோரைத் தரையில் ஊற்றினார். கொட்டாங்குச்சியைப் படிக்கல்லில் கவிழ்த்து வைத்துக் காலால் மிதித்தார். மற்ற எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள். ஒவ்வொன்றாக உடைகிற சத்தம் வீடியோவில் துல்லியமாகக் கேட்கிறது.

உங்கப்பா எழுந்தார். எங்கூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எங்க மோரையே கொட்டறயாடா என்றார். மயில்சாமியண்ணன், இது உங்கூடு இல்லீங்க, மியூசியமுங்க, உங்களுக்கும் பத்து ரூவா டிக்கெட்டு, எனக்கும் பத்து ரூவா டிக்கெட்டு என்றார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கிளப்பிவிட்டது.

ஆசாரத்தில் உங்கள் பூட்டன், பெரிய பண்ணாடியின் தடி இருந்ததே, பித்தளைப் பூண் போட்டது, அதை ஆணியிலிருந்து உருவினார். ‘பெரியவர் நடைக்குப் பயன்படுத்திய கைத்தடி’ என்று நான் சீட்டு ஒட்டின தடி. முதல் அடி தோளில். இரண்டாவது அடியில் மேளத்தோல் கிழிந்தது. மூன்றாவதைத் தடுக்க மயில்சாமியண்ணன் வலது கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கை மணிக்கட்டுக்கு மேலே மடங்கித் தொங்கியது. அப்போதும் அவர் திருப்பி அடிக்கவில்லை. இதை நான் கோர்ட்டிலும் சொல்வேன், உங்களிடமும் சொல்கிறேன்.

அதற்குள் உங்கள் தம்பி பூபதிராஜா இரண்டு சிநேகிதர்களோடு பாய்ந்தார். மயில்சாமியண்ணனைக் கீழே தள்ளி, அந்த உடைந்த ஓடுகள்மேல் முகத்தை அழுத்தி, முதுகில் ஏறி மிதித்தார்கள். முகம் திரும்பியபோது இடது கண்ணில் ஒரு சில்லு ஏறி நின்றது. மற்ற மேளக்காரர்கள் மேளக்குச்சியாலேயே வெளுத்தார்கள். பூபதிக்கு முன்பல் இரண்டு போனது அப்போதுதான். நாற்காலிகள் பறந்தன. குறுக்கே போன ஜிஸ்மி மேடத்தை யாரோ தூக்கித் தூணில் எறிந்தார்கள். குழந்தைகள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாம் மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கும்மியைப் படம் பிடித்த மாதிரியே அதையும் பிடித்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நம் வீட்டின்மேல் கல் விழுந்தது. ஜன்னல் ஒன்றுகூட மிச்சமில்லை. உங்கம்மா நெற்றிக் காயம் அதில் வந்ததுதான். யார் எறிந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையும் ஒளிக்க மாட்டேன்.

பூபதி சொல்லாமல் விட்டது இது. கல் நின்றதும் அவர் என் தலைமயிரைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனார். போன் எங்கே என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். வயிற்றில் உதைத்தார். வாயில் இரத்தத்தோடு அவர் அடிக்கிறார், வாயில் இரத்தத்தோடு நான் இல்லை என்கிறேன். போன் அரிசி டின்னுக்குள் இருந்தது. உங்கம்மா, தையல்கூடப் போடாத நெற்றியோடு, தமிழ்ப்ரியா உள்ளே வராதபடி வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேத்தியைக் காப்பாற்றினாரா, பிள்ளையைக் காப்பாற்றினாரா, எனக்குத் தெரியாது. உங்கப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். போதும் விடுடா என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. விடிந்ததும் அரிசி டின்னைத் துழாவி எடுத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டேன். உங்கள் பூட்டன் தடியும் அங்கேதான் இருக்கிறது. என் சீட்டைப் பிய்த்துவிட்டு வேறு சீட்டு கட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானமே மயில்சாமியண்ணன் வீட்டுக்கும் போனேன். அவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில். கண் போய்விட்டது. கைக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள், இனிமேல் குச்சி பிடிக்க முடியாது என்கிறார்கள். மாற்றுத்துணி எடுக்க வந்த நர்மதாக்கா, அவர் சம்சாரம், வாசலில் நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்கக்கா என்றேன். அவர் என் வீங்கின முகத்தைப் பார்த்தார். எங்கூட்ல கொட்டாங்குச்சி இல்லீங்களே, எதுல ஊத்திக் குடுக்கட்டும் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவுமில்லை, திரும்பி வரவுமில்லை. அரைமணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தேன். பூபதி அடித்த அடி அவ்வளவு வலிக்கவில்லை மாமா.

நேற்று நீங்கள் எங்கம்மா போனில் கூப்பிட்டுப் பேசியதற்கு வருகிறேன். அவன் வழுக்கி உழுந்தான்னு சொல்லிப்போடு, மத்ததெல்லாம் நான் வந்து பாத்துக்கறன் என்றீர்கள். உன் கன்னம் எப்படியிருக்கு என்று கேட்கவில்லை. யாரை வந்து பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்? மயில்சாமியண்ணனையா, என்னையா? அதை நினைத்தால் எனக்குப் பயமாயிருக்கிறது. பயம் என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன். உங்களுக்கு உங்கப்பாவின் கை. கோபம் வந்தால் அந்தக் கை எதைத் தேடும் என்று எனக்குத் தெரியும். இதுவரை என்மேல் பட்டதில்லை. ஆனால் இதுவரை நான் எதிர்த்துப் பேசியதுமில்லை.

வியாழக்கிழமை இங்கே பக்கத்தில் சித்தூர் கோர்ட்டில் மஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன். உங்கப்பா அடித்ததைச் சொல்வேன். உங்கள் தம்பி மிதித்ததைச் சொல்வேன். கொட்டாங்குச்சி எதற்கென்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டதையும், டம்ளர் தூக்கி மூன்று தடவை ஓடினதையும் சொல்வேன். அதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்கிறார் ஜிஸ்மி மேடம். கேட்காவிட்டாலும் சொல்வேன். உங்கப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, ஜெயிலுக்குப் போனால் தாங்குவாரா என்று உங்கம்மா ஆள்விட்டுக் கேட்டார். தாங்க மாட்டார்தான். அவருக்குச் சோறு போட்ட கை இது, எனக்கும் அழுகை வருகிறது. அழுதுகொண்டே சொல்வேன்.

நீங்கள் வருவீர்கள். லீவு கேட்டாயிற்று என்று உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாங்க. ஆனால் பெட்டியோடு நேராக நம் வீட்டுக்குப் போக வேண்டாம், இங்கேயும் வர வேண்டாம். முதலில் மயில்சாமியண்ணன் வீட்டுக்குப் போங்க. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று குடிக்கத் தண்ணி கேளுங்க. கொடுக்க மாட்டார்கள். அடுத்த நாள் போய்க் கேளுங்க. திட்டுவார்கள், கேட்டுக்கொண்டு நில்லுங்க. என்றைக்கு அவர்கள் கொடுத்து, அவர்கள் டம்ளரில் வாய் வைத்து நீங்கள் குடிக்கிறீர்களோ, அன்றைக்குக் கிளம்பி இங்கே வாங்க. நானும் தமிழ்ப்ரியாவும் சாப்பிடாமல் காத்திருப்போம்.

உங்களால் முடியாதென்றால் பரவாயில்லை, மஸ்கட்டிலேயே நல்லபடியாக இருங்க. மாசாணியம்மன் உங்கள் கையைக் காப்பாற்றட்டும்.

நாளை மறுநாள் சாட்சி சொல்லப் போகிற,
உங்கள் செல்வப்பிரியா.