நானாக நிற்கவில்லை

வெள்ளிக்கிழமை, இரவு.

ஆர்டர் இல்லையென்று பீங்கான் கம்பெனியில் எங்கள் பிரிவையே இன்று நிறுத்திவிட்டார்கள். சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதிய தாளை மேனேஜர் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் உடனே கிடைக்குமாம்.

"நானா நிக்கலீங்க, நீங்கதான் நிறுத்துறீங்க. அப்படியே எழுதிக் குடுங்க, போடுறேன்."

"வீம்பு சோறு போடுமாம்மா?"

"போஸ்ட் ஆபீஸுல சேத்து வச்சிருக்கிறது போடுமுங்க. ஆறு மாசம் தாங்கும்."

பக்கத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்த, என்னோடு வேலை பார்க்கும் சாந்தி அதைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் சேமிப்பு எதுவும் கிடையாது.

ஜங்ஷன் பக்கம் நடந்து வரும்போது, "ஒன்ன நம்பித்தான் பேனாவக் கீழ வச்சேன்க்கா" என்றாள்.

அவள் வீட்டுக்கும் சேர்த்து என்றால் ஆறு மாதம் மூன்றாகிவிடும். என் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ. திங்கட்கிழமை நாங்கள் இருவரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறோம். மூன்று என்றால் மூன்று. தாளில் மட்டும் பொய் எழுத மாட்டேன்.