பாதியில் நிற்கும் நீலக் கோடு

என் அம்மாவின் புடவையை நீ பிரித்து எடுத்தாய். ஏன் என்று சாகும்வரை சொல்லவில்லை.

நேற்று உன் அண்ணன் படாளத்திலிருந்து வந்து ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவிழ்த்ததும் பெயிண்ட் வாடை. மேலாக அந்தப் புடவை, அடியில் நீ தைத்த பெரிய துணி. நீ தீட்டிய நீலக் கோடு ஓரம்வரை வந்து பாதியில் நிற்கிறது. ஓரமெல்லாம் ஊசி ஓட்டை.

ஊர்ப் புடவையையும் காலனிப் புடவையையும் மாற்றி மாற்றித் தைத்து, எல்லாவற்றின் மேலும் ஒரே கோடாக ஏரியை வரையப்போவதாகச் சொன்னாய். உன் அத்தையின் புடவைக்குப் பக்கத்தில் என் அம்மாவுடையது வந்தது. அதுவும் உன் அத்தை கட்டியதுதான். நடவுக்குப் போன அம்மாவுக்கு ஒரு பொங்கலில் பழசு என்று கொடுத்தது. இதை உன்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

வெளுத்துப்போய் பெயிண்டும் ஏறிய புடவையை அத்தைக்கு அடையாளம் தெரியவில்லை.

"என் பொடவை பக்கத்துல யாருதுடி?"

என் அம்மாவுடையது என்றாய்.

"பழசு குடுக்கறது வேற. சேத்து வெச்சித் தெக்கறது வேற. பிரி." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஒன்னும் நெனச்சிக்காதம்மா."

அதுவும் அத்தை கட்டியதுதான் என்று நீ சொல்வாய் எனக் காத்திருந்தேன். கத்தரிக்கோலை எடுத்தாய். செங்கல்பட்டு ரயிலில் தினமும் என் டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள் நீ.

"விடுடி, அத்த பேஜாரு பண்ணும்" என்றாய் அப்புறம்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே சிரித்தாள். "பத்து வருஷம் கட்டிக்கினு இருந்தேன். அப்போ ஒட்டல, இப்போ ஒட்டிக்கிச்சாமா?" கொஞ்சம் கழித்து, "பெயிண்ட் போவுமான்னு கேளு. நல்ல பொடவ."

அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் துணியை வைத்துத் தைத்தாய். மாமல்லபுரம் கண்காட்சிக் கூடத்தில் பார்க்க வந்தவர்கள் அந்த வெள்ளையை மௌனம் என்று பாராட்டினார்கள். நீ மறுக்கவில்லை.

டெங்குவில் நீ போய் ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை உன் நினைவாக அதே கூடத்தில் அதே துணியை மாட்டுகிறார்கள். உன் அத்தை முன்வரிசையில் உட்காருவார். வெள்ளையைப் பிரித்துப்போட்டேன். நீல நூலைக் கோத்து வைத்திருக்கிறேன். தைக்க எனக்குத் தெரியும், நீ கற்றுக்கொடுத்த தையல்தான். ஆனால் அது யார் புடவை என்று அத்தையிடம் சொல்ல வேண்டியவள் நீ. எனக்கு எல்லாரிடமும் விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

அன்றைக்கு வாயில் வைத்திருந்ததை இப்போதாவது சொல்லடி.